அயலானின் நோவைத் தன் நோவாகக் கொண்ட வைத்தியர் கிறீன்

ஹென்றி கிறே என்பவர் எழுதிய உடற்கூற்று நூல் 1858 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வெளியாயிற்று. ஆங்கில உலகின் மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்நூலின் புதிய பதிப்புகளைத் தேடிப் படிக்கின்றனர். அது வெளிவந்து 14 ஆண்டுகளே கழிந்த நிலையில், 1872 இல், அந்நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் அச்சேறி யாழ்ப்பாணத்து மாணவர்களின் கைகளில் இருந்தது என்பது நம்மவர்களிற் பலருக்குத் தெரியாத செய்தியாகும். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கு பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. மானிப்பாயிலோ வேட்டி கட்டிய இளைஞர்கள் எலும்பையும் நரம்பையும் தமிழிற் கற்றுக்கொண்டிருந்தார்கள். இதற்குக் காரணமாக இருந்தவர் தமிழரல்லர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே அவர்.

சமயப் பற்று என்பது மக்களை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்து வைப்பதற்கான காரணமாகவே பெரிதும் பேசப்படுகின்ற ஒரு நாட்டில் நாம் வாழ்ந்து வருகின்றோம். தன் சமயத்தின் மீது உறுதியான பற்றுக்கொண்டிருந்த ஒருவர் அந்தப் பற்றின் காரணமாகவே அயலாரின் நோவுக்குள் எவ்வளவு தூரம் இறங்கிச் சென்றார் என்பதை அறிந்துகொள்வதற்கு கிறீனின் வாழ்க்கை உதவும். அதனை இங்கு எடுத்துச் சொல்ல விழைகின்றோம்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் எனப்பட்ட குடும்பப் பண்ணையில், 1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி சாமுவேல் பிறந்தார். பதினொரு பிள்ளைகளைக் கொண்ட பெரிய குடும்பம் அது. அவருடைய தமையன்களில் ஒருவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவாவதில் முன்னின்றவர். பிற்காலத்தில் அந்நகரின் ஐந்து பகுதிகளையும் ஒரே மாநகராக இணைப்பதற்கு வழிவகுத்தவர் என்று அமெரிக்கர்களால் போற்றப்படுபவர். தமையன் உலகின் பெருநகர் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த காலத்தில் தம்பி மானிப்பாயில் கண்நோய்க்கும் கட்டிக்கும் மருந்திட்டுக்கொண்டிருந்தார். இருவரில் யார் பெரிய காரியம் செய்தவர் என்ற விவாதத்துக்குள் நாம் இறங்கவில்லை. ஆயினும், நியூயோர்க்கில் 1845 இல் மருத்துவப் பட்டம் பெற்ற சாமுவேலுக்கும் அந்த நகரில் வசதியான வாழ்வு காத்திருந்தது என்பதைக் குறிப்பிட்டேயாக வேண்டும். அதனை விட்டு, 1847 ஏப்ரலில் கப்பலேறி, அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25. அன்றைய கப்பற் பயணம் ஆறு மாதங்கள் நீண்டது. கடல் கடந்து சென்றவர்கள் பலர் மீண்டதில்லை.

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது 1816 இலாகும். கிறீன் வருவதற்கு முன்னரே டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், டாக்டர் நேதன் வோர்ட் வட்டுக்கோட்டையிலும் மருத்துவப் பணி புரிந்திருந்தனர். (பிற்காலத்தில் வேலூரில் புகழ்பெற்ற கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இந்தப் பண்டத்தரிப்பு ஸ்கடரின் பேர்த்தி என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.) வோர்ட்டின் இடத்துக்கு வந்த கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கு மருந்தகத்தை நடத்திக்கொண்டே மூன்று மாணவர்களுடன் மருத்துவக் கல்வியையும் ஆரம்பித்தார்.

அன்றைய யாழ்ப்பாணத்தின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பேதி என்று மக்கள் அஞ்சி அழைத்த கொலறா காலத்துக்குக் காலம் ஊர்களைச் சூறையாடிச் சென்றது. அம்மை நோய் வந்த வீட்டுக்கு அயலவர் செல்வதில்லை. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் மடிவது வழக்கமான செய்தி. பரியாரியார்களிடம் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்களின் வழிவந்த மருந்தறிவு இருந்ததென்பது உண்மையே. எனினும், கத்தி வைத்துச் செய்ய வேண்டிய வைத்தியத்துக்கும் குறுக்காகக் கிடக்கும் குழந்தையை வெளிக்கொணரும் வைத்தியத்துக்கும் ஊரில் வழி இருக்கவில்லை. கிறீனின் மருந்தகத் திண்ணைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சைவர்கள். நோய் கண்டவர் எந்தச் சமயத்தவர் என்று பார்த்து மருந்து கொடுக்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். மருந்து வழங்குவதற்கு முன்னர் வேத வாசிப்பும் செபமும் நடைபெற்றன. தம்மிடம் வருவோர் கிறிஸ்துவை அறிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பம் கிறீனுக்கு இருந்தது. அதை அவர் ஒருபோதும் ஒளித்ததில்லை. மிசனரிமாரின் மருந்தும் பள்ளிக்கூடமும் மதமாற்றத்துக்கான தூண்டில் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. கிறீன் மானிப்பாயில் தமது பணியைத் தொடங்கிய அதே 1848 இல்தான், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். இருவருமே 1822 இல் பிறந்தவர்கள் என்பது இன்னுமொரு பொருத்தம். தம் மக்களின் சமயத்தைக் காக்க எழுந்த நாவலரின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை மறுப்பவர்கள் வரலாற்றை ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவர்களாவர்.

அப்படியாயின் கிறீனின் அக்கறையும் வெறும் தூண்டில்தானா? இக்கேள்விக்கு அவர் செய்த காரியங்களைக் கொண்டே விடை காண வேண்டும் என்பது எமது கருத்து. ஆள் சேர்ப்பதே நோக்கம் என்றால் மருந்தகத்தோடு நின்றிருக்கலாம். கூட்டம் வரும், பிரசங்கம் செய்யலாம், மாதாந்த அறிக்கையில் எண்ணிக்கை காட்டலாம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. சிறுநீரகத்தின் அமைப்பைத் தமிழில் விளக்குவதால் எவரும் மதம் மாறிவிடப் போவதில்லை.

முதற் பத்தாண்டுகளில் கிறீனும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டை செமினரியில் படித்து ஆங்கிலத்தில் தேர்ந்த இளைஞர்களே அவரிடம் வந்தனர். அவர்களுக்கு டான்போர்த், சப்மன், போல் என்ற பெயர்கள் இருந்ததைக் கண்டு அவர்களை வெள்ளையர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மாணவருக்குப் பணம் அனுப்பும் அமெரிக்கத் தர்மவான்களின் பெயரை அம்மாணவருக்கே இடுவது அக்கால மிசன் வழக்கமாகும். ஆகவே, அமெரிக்கப் பெயருடைய அசல் யாழ்ப்பாணத்தவர்கள் அவர்கள். படித்து முடித்ததும் அவர்களிற் பலருக்கு ஊரில் மனம் நிற்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் வெளியூரில் இருந்தன. கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். உடையும் மாறியது. வேட்டி காற்சட்டையாகி, வீட்டுப் பழக்கவழக்கமும் வேறாகியது. கிறீனை இது மிகவும் வருத்தியது. தமிழர்கள் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று விரும்பிய அவர், அவர்கள் ஐரோப்பியராக மாறுவதை விரும்பவில்லை. கிறிஸ்துவை ஏற்றாலும் உடையிலும் உணவிலும் மொழியிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். இக்கருத்தைச் சொல்லிய மிசனரிமார் அந்த நூற்றாண்டில் அதிகம் பேர் இல்லை.

1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழு வட்டுக்கோட்டை செமினரியை மூடிவிடத் தீர்மானித்தபோதும், அங்கு ஆங்கிலம் கற்றோர் ஊரை விட்டு அகல்கின்றனர் என்பதே முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. செமினரியை மூடியது சரியா என்பது பற்றி யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் இன்றுவரை சண்டை பிடிக்கின்றனர். அது நடந்த காலத்தில் கிறீன் தனக்குள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். வைத்தியன் ஊரில் தங்க வேண்டுமாயின் வைத்தியம் ஊர் மொழியில் இருக்க வேண்டும் என்பதே அது.

அதற்கான நூல்கள் எங்கே? இருக்கவில்லை. எனவே அவற்றை உண்டாக்க வேண்டியிருந்தது. கல்வின் கட்டரின் நூலைத் தழுவி, உடற்கூறு, உடலின் தொழிற்பாடு, சுகாதாரம் ஆகிய மூன்றையும் கூறும் தமிழ் நூல் ஒன்று வெளியாயிற்று. மோன்செல் என்பவரின் நூலைத் தழுவிய 'பிரசவ வைத்தியம்' 1857 இல் வெளிவந்தது. அவர் முதன்முதலாக எடுத்துக்கொண்ட நூல்களுள் பிரசவம் பற்றிய நூல் ஒன்று இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எந்த மரணங்கள் அவருடைய மனதை உறுத்தின என்பதை அது காட்டுகின்றது. மகப்பேறு வெளியாடவர் எவரும் நுழைய முடியாத உள்வீட்டு விடயமாக இருந்த சமூகத்தில், அதனை அச்சில் விளக்குவதற்குத் துணிவும் வேண்டியிருந்தது.

1857 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கேயே இருந்துவிட்டிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1862 இல், மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை மணந்து, அவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்பு முழுமையாகத் தமிழில் நடைபெறத் தொடங்கியது.

துறூயிட் எழுதிய சத்திர சிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867 இல் வந்தது. கிறேயின் உடற்கூற்று நூலும், ஹூப்பரின் நூலைத் தழுவிய 'வைத்தியாகர'மும் 1872 இல். வெல்ஸின் நூலைத் தழுவிய 'கெமிஸ்தம்' 1875 இல். டால்டனின் நூலைத் தழுவிய 'மனுஷ சுகரணம்' 1883 இல். இந்திய மருந்துச் சரக்குகளை விவரிக்கும் 'இந்து பதார்த்த சாரம்' 1884 இல். இவை தவிர கலைச்சொல் அகராதிகளும் உண்டு. மாணவர்கள் மொழிபெயர்க்க கிறீன் அதனை வரிக்கு வரி பார்த்துத் திருத்துவதே நடைமுறையாக இருந்தது. டான்போர்த், சப்மன், வில்லியம் போல், சுவாமிநாதன் முதலியோரின் உழைப்பு இந்த நூல்களுக்குள் புதைந்து கிடக்கின்றது. கிறீனைப் புகழும் மேடைகளில் இவர்களின் பெயர் சொல்லப்படாமல் விடப்படுவது நன்றன்று.

கலைச்சொல்லாக்கத்துக்கு கிறீன் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இன்றைய மொழிபெயர்ப்பாளர்களும் அறிய வேண்டியதொன்று. ஒரு பொருளுக்கு முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. இல்லையெனில் வடமொழியில் தேடுவது. அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்க எழுதிக்கொள்வது. 'கெமிஸ்தம்' இந்த மூன்றாவது வழியிற் பிறந்த சொல். இன்று நாம் இரசாயனவியல் என்கின்றோம். சுகாதாரம் என்று நாம் சொல்வதை அவர் 'உற்பாலனம்' என்றார். உடற்றொழிலியலுக்கு 'சுகரணம்' என்று பெயரிட்டார். இவற்றிற் பல நிலைக்கவில்லை. வடசொற் கலப்பு மிகுந்த அந்த நடை இன்றைய வாசகருக்குக் கரடுமுரடாகத் தோன்றும். அதில் வியப்பில்லை. தமிழில் வைத்திய விஞ்ஞானத்துக்கென்று வழியே இல்லாத காட்டில் முதலிற் சென்றவர் வெட்டிய பாதை அது.

கிறீனிடம் குறைகள் இருக்கவில்லையா என்றால், இருந்தன. சுதேச வைத்தியத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த மதிப்பீடு கடுமையானது. தமிழரின் சமயத்தை அவர் இருள் என்றே கருதினார். அவருடைய காலத்து மிசனரிமாரின் கண்ணாடி அவர் கண்ணிலும் இருந்தது. எனினும், இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூலை உருவாக்கும் அளவுக்கு இந்த மண்ணின் மூலிகைகளையும் அவர் தேடிக் கற்றார். கடலுக்கு அப்பாலிருந்து வரும் மருந்துக்குக் காசில்லாதவனுக்கு வேலியில் வளரும் செடி உதவுமானால் அதை ஏன் விடவேண்டும் என்ற எண்ணமே அதற்குள் இருந்திருக்கும் என்று நாம் கருதுகின்றோம்.

அந்த ஆண்டுகளிலும் கொலறா ஓயவில்லை. 1866, 1867 ஆம் ஆண்டுகளில் குடாநாட்டைத் தாக்கிய கொள்ளை நோயின்போது, கிறீனிடம் பயின்ற வைத்தியர்கள் ஊர் ஊராகச் சென்று பணியாற்றினர். வீட்டாரே நோயாளியை விட்டு ஓடிய நாட்கள் அவை. பசித்தவனிடம் வாய் வாழ்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடும் பக்தியால் என்ன பயன் என்று கிறிஸ்தவ வேதத்தின் யாக்கோபு நிருபம் கேட்கின்றது. நோயாளியைச் சென்று காண்பது முஸ்லிம்களுக்கு ஒரு கடமையாகவே விதிக்கப்பட்டுள்ளது. கிறீன் சென்று பத்தாண்டுகள் ஆகுமுன் வந்த 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசியாற்றினார். மேடையில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் பட்டினிக்கும் பேதிக்கும் முன்னால் ஒரே வேலையைத்தான் செய்தன. நமது பாடநூல்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்திற் சேர்த்துச் சொல்வதில்லை.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873 இல் மனைவி, மக்களுடன் மானிப்பாயை விட்டுப் புறப்பட்டார். அவரிடம் மருத்துவம் கற்று வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல்; அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் கற்றவர்கள். அவர் போன சில ஆண்டுகளுக்குள் தமிழ் வகுப்பு நின்றுபோயிற்று. அரசாங்கத்தின் மொழி ஆங்கிலமாகவும், மதிப்பின் மொழியும் அதுவாகவும் இருந்த காலத்தில், தமிழில் வைத்தியம் படித்தவனுக்குக் கதவுகள் திறக்கவில்லை. அமெரிக்கர் ஒருவர் கட்டியதை நம்மவர்கள் காப்பாற்றவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இன்றும் நமது பிள்ளைகள் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்று, மருத்துவ பீடத்துக்குள் நுழைந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். இதை முற்றாக மாற்றிவிட வேண்டும் என்று கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. உலக மருத்துவத்தின் வாசல் ஆங்கிலத்தில் இருக்கின்றது. ஆனால் நோயாளியின் வாசல் எந்த மொழியில் இருக்கின்றது? அரச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில், கையில் மருந்துத் துண்டோடு வந்த முதியவர் ஒருவர், இதில் என்ன எழுதியிருக்கின்றது என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமாகக் கேட்டுச் சென்றதை நாம் கண்டிருக்கின்றோம். அவர் மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர். சாப்பாட்டுக்கு முன்னரா, பின்னரா என்பதே அவருக்குத் தேவைப்பட்ட விளக்கம். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்ட நாட்டில், அந்தப் பெரியவருக்குப் பதில் சொன்னது வரிசையில் நின்ற பாடசாலைச் சிறுமி ஒருத்தி. 1864 இல் கிறீன் தீர்க்க முனைந்த பிரச்சினை இதுவேயாகும்.

வூஸ்டருக்குத் திரும்பிய பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மானிப்பாயிலிருந்து கையெழுத்துப் பிரதிகள் கப்பலேறி அட்லாண்டிக் கடந்து கிறீன் ஹில் பண்ணைக்குச் சென்றன. திருத்தங்களோடு அதே வழியே திரும்பி வந்தன. ஒரு சந்தேகத்துக்கு விடை கிடைக்க மாதங்கள் ஆகும். 'மனுஷ சுகரணம்' இவ்வாறு வளர்ந்து 1883 இல் அச்சான நூலே. இனி அவர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த ஓர் ஊரின், முகம் அறியாத மாணவர்களுக்காக, பனி பெய்யும் நாட்டின் ஓர் அறையில் அமர்ந்து, தமிழ் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த அந்த நோயாளி மனிதரை எண்ணிப் பார்க்கின்றோம். இயேசு கூறிய நல்ல சமாரியன் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்திற் சேர்த்தவன், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகின்றேன் என்று சொல்லிப் போகின்றான். கிறீன் திரும்பி வரவில்லை. ஆனால் கடைசிவரை செலவைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1884 மே 28 ஆம் திகதி, தாம் பிறந்த கிறீன் ஹில்லிலேயே அவர் காலமானார். அப்போது வயது 61. 'இந்து பதார்த்த சாரம்' வெளியானதும் அதே ஆண்டிலாகும். அவர் பிறந்து வளர்ந்த பண்ணையை 1905 இல் உறவினர்கள் வூஸ்டர் நகர மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது இன்று பொதுப் பூங்காவாக இருக்கின்றது. மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டு, போர்க்காலத்திற் சீரழிந்து, பின்னர் புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவர்களின் உதவியுடன் மெல்ல எழுந்து வந்தது. வூஸ்டரிலுள்ள அவருடைய கல்லறைக் கல்லில், அவருடைய விருப்பத்தின்படி, தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்ற பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் பெற்ற பட்டங்களோ, எழுதுவித்த நூல்களின் பெயர்களோ அதில் இல்லை.